மூன்று மணிக்குப் பூட்டியிருந்த வீடுகள்

பக்கத்து வீட்டு ரேவதி பள்ளிக்கூட டீச்சர். வாக்காளர் பட்டியல் சரிபார்க்கும் வேலையை இந்த முறை அவள் தலையில் கட்டிவிட்டார்கள். போன வாரம் செல்போனும் கையுமாக வந்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"அங்கிள், நீங்க இந்த வேலை பார்த்தவராச்சே. பூட்டின வீட்டுக்கு இன்னா போடுவீங்க?"

"பூட்டுன்னு போடுவேன்."

அவள் சிரிக்கவில்லை. காலையிலிருந்து வெயிலில் அலைந்தவளிடம் வேடிக்கை பேசக்கூடாது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. "உங்க காலத்துல ஈஸி அங்கிள். செல்போன் ஆப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்துப் போனாள்.

ஈஸிதான். ஒரு சிவப்புப் பேனா இருந்தால் போதும், ஒரு தெருவையே ஊரைவிட்டு அனுப்பிவிடலாம். நான் அனுப்பியிருக்கிறேன். சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருந்த ஸ்கெலட்டன் பகுதியில் மூன்று லைன் வீடுகளில் பாதியை அப்படிக் காலி செய்தவன் நான்தான். அந்தக் கதையை ரேவதியிடம் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எனக்குத் தங்கச் சுரங்கத்தில் வேலை என்றாலும் நான் சுரங்கத்துக்குள் போனது மொத்தமே நாலைந்து தடவைதான். மேலே, ஷாஃப்ட் எனும் சுரங்கக் குழியின் வாசலில் இருந்த டைம் ஆபீஸில் குமாஸ்தா. கற்றுக்கொள்ள வேண்டியதை முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டேன். மீதி முப்பது வருஷமும் அதையேதான் செய்தேன். கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஏறிக் கீழே போகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பித்தளை டோக்கன், அதில் அவருடைய எண். போகும்போது என் ஜன்னலில் வாங்கிக்கொள்வார். ஷிஃப்ட் முடிந்து மேலே வந்ததும் திருப்பிக் கொடுப்பார். நான் அதைப் பலகையில் அதற்கான கொக்கியில் மாட்டுவேன். எல்லாக் கொக்கியும் நிறைந்தால் எல்லாரும் மேலே வந்துவிட்டார்கள். ஒரு கொக்கி காலி என்றால் ஒருவர் இன்னும் கீழே இருக்கிறார். அவர் வரும்வரை நான் வீட்டுக்குப் போகக்கூடாது, எனக்கு மேலே இருப்பவரும் போகக்கூடாது.

ஒரு தடவை ஒரு கொக்கி இரண்டு மணி நேரம் காலியாக இருந்தது. ஆட்களைக் கீழே அனுப்பி லெவல் லெவலாகத் தேடினார்கள். ஆசாமி வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். பெண்டாட்டிக்குப் பிரசவ வலி என்று தகவல் வந்ததும் டோக்கனை இடுப்பில் முடிந்தபடியே ஓடியிருக்கிறார். பெண் குழந்தை. அடுத்த ஒரு மாதம், "பொண்ணு பேரு இன்னா, டோக்கனா?" என்று கேட்காதவர்கள் கிடையாது.

இப்படிப்பட்ட பட்டியலை வைத்துக்கொண்டிருந்தவனுக்குக் கர்வம் இல்லாமல் இருக்குமா? தொண்ணூறுகளில் எங்களையெல்லாம் வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்கு அனுப்பினார்கள். சுரங்கத்தில் வேலை குறைந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு ஷாஃப்டாக மூடிக்கொண்டிருந்தார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாக்களைப் பார்த்தால் தாலுக்கா ஆபீஸுக்குக் கை அரிக்காதா?

அங்கே எங்களுக்கு மேலதிகாரி சென்னப்பா. வாயைத் திறந்தால் பாதி கன்னடம், பாதி எங்களுக்காக இரக்கப்பட்டுப் பேசுகிற தமிழ். வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் மூன்று பேனா. நீலம் எழுதுவதற்கு, சிவப்பு அடிப்பதற்கு, பச்சை அவர் கையெழுத்துக்கு மட்டும். பச்சைப் பேனாவை வேறு யாரும் தொட்டு நான் பார்த்ததில்லை. டீ முழுசாகத்தான் வாங்குவார். பாதி குடித்துவிட்டு மீதியைத் தட்டால் மூடி வைப்பார். ஒரு மணி நேரம் கழித்து வந்து அந்த ஆறின டீயை அமிர்தம் மாதிரி குடிப்பார். யாரையும் திட்டமாட்டார். நாம் எழுதியதில் தப்பு இருந்தால் அந்தத் தாளை நம் கையிலேயே கொடுத்து, "ஓதி ஸ்வாமி" என்பார். படிக்க வேண்டும், சத்தமாக. தப்பு வரும் இடத்தில் நம் குரல் தானாக இறங்கும். திட்டு வாங்குவதே தேவலாம் என்று தோன்றும்.

முதல் வருஷம் எனக்கு ஸ்கெலட்டன் பக்கத்து மூன்று லைன்கள் கொடுத்தார். பட்டியலில் உள்ள ஆளை வீட்டில் பார்த்து டிக் போட வேண்டும். வீடு பூட்டியிருந்தால் மூன்று தடவை போக வேண்டும். மூன்றாவது தடவையும் ஆள் இல்லையென்றால் குடிபெயர்ந்தார் என்று எழுதிச் சிவப்பில் அடிக்கலாம்.

மற்ற குமாஸ்தாக்கள் காலை பத்து மணிக்குப் போய்க் கதவைத் தட்டித் திட்டு வாங்கினார்கள். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்குகிறவனை எழுப்பினால் மாலையா போடுவான்? நான் டைம் ஆபீஸ்காரன். காலை ஷிஃப்ட் இரண்டு மணிக்கு மேலே வரும். குளித்துச் சாப்பிட மூன்று. அதற்குள் நைட் ஷிஃப்ட்காரனும் எழுந்து பல் தேய்த்திருப்பான். இரண்டாம் ஷிஃப்ட்காரன் கீழே இருப்பான், ஆனால் அவன் பெண்டாட்டி வீட்டில் இருப்பாள், அவன் டோக்கனோ என் கணக்கில் இருக்கிறது. ஆகவே சரியாக மூன்று மணிக்குப் போனேன். பூட்டியிருந்த வீடுகளுக்கு மறுநாள் மூன்று மணிக்குப் போனேன். அதற்கு மறுநாளும் மூன்று மணிக்கே போனேன். மூன்று தடவை போ என்றுதான் விதி சொன்னது, வேறு வேறு நேரத்தில் போ என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்கமாட்டேன்.

தாலுக்காவிலேயே முதலில் முடித்தவன் நான். அடித்த ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் என் சுருக்கொப்பத்தை அழகாகப் போட்டிருந்தேன். சென்னப்பா தாள்களைப் புரட்டிவிட்டு, "ஆய்த்து. சுத்தமாகிதே" என்றார். முடிந்தது, சுத்தமாக இருக்கிறது என்று அர்த்தம். அவர் வாயால் அது பாரத ரத்னாவுக்குச் சமம். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது கால் கிலோ மைசூர்பாகு வாங்கிப் போனேன்.

அடுத்த வருஷம் சென்னப்பா பெங்களூரில் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு நாலைந்து ஜெராக்ஸ் தாள்களோடு வந்தார். பல நாடுகளில் வாக்காளர் பட்டியல் எவ்வளவு சரி என்று எப்படி அளக்கிறார்கள் என்பது அதில் இருந்ததாம். எங்களை உட்காரவைத்து விளக்கினார். ஒரு நாட்டில் பட்டியலில் உள்ள எல்லாருக்கும் தபால் போடுவார்கள். திரும்பி வந்த தபாலை எண்ணினால் போய்விட்டவர்கள் எத்தனை பேர் என்று தெரிந்துவிடும். இங்கே அது ஆகாது என்று நான் கையைத் தூக்கினேன். எங்கள் தபால்காரர் லைன் தபாலையெல்லாம் டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போகிறவர். ஒன்றுகூடத் திரும்பாது, பட்டியல் நூற்றுக்கு நூறு என்று வந்துவிடும். இன்னொரு நாட்டில் குடிமாறினால் அரசாங்கத்திடம் சொல்லியே ஆகவேண்டும், பட்டியல் தானாகவே தயாராகிவிடுமாம். "எங்க ஆளுங்க குடிமாறினா வீட்டுக்காரன்கிட்டயே சொல்றதில்லை சார்" என்றார் ஒருவர்.

கடைசியில் எல்லா நாட்டுக்கும் பொதுவான ஒரு சோதனைக்கு வந்தார். அதை இரண்டு பக்கத்திலிருந்தும் செய்ய வேண்டும். முதலில் பட்டியலை வைத்துக்கொண்டு ஆளைத் தேடு. இருபது பெயருக்கு ஒரு பெயர் எடுத்து, அந்த ஆள் நிஜமாகவே அந்த வீட்டில் இருக்கிறாரா என்று பார். பட்டியலில் பொய் எவ்வளவு என்று அதில் தெரியும். பிறகு ஆளை வைத்துக்கொண்டு பட்டியலைத் தேடு. பத்து வீட்டுக்கு ஒரு வீடு போய், அங்கே இருப்பவர்களின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பார். விட்டுப்போனது எவ்வளவு என்று அதில் தெரியும்.

"இதைத்தானே சார் டோக்கன் பலகையில ஒரு நாளைக்கு மூணு தடவை பண்றோம். இதுக்கா ஜெராக்ஸ்?" என்றேன்.

சென்னப்பா என்னை அன்போடு பார்த்தார். "ஹௌது. அதுக்குத்தான் உங்க லைன்லயே ஆரம்பிக்கலாம் ஸ்வாமி. சுத்தமான லிஸ்ட்டு."

அவருக்கு வார நாட்களில் வேறு வேலை இருந்ததால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். முதல் சோதனையில் எனக்கு முழு மார்க். பட்டியலிலிருந்து எடுத்த அத்தனை பேரும் வீட்டில் இருந்தார்கள். இருக்கமாட்டார்களா பின்னே? என் கண்ணில் படாதவர்களைத்தான் நான் விட்டுவைக்கவில்லையே. அந்த யோசனைகூட அப்போது எனக்கு வரவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இரண்டாவது சோதனைக்குப் போனேன்.

லைனில் திரும்பியதும் எனக்குத் தெரு மாறி வந்துவிட்டோமோ என்று சந்தேகம் வந்தது. போன வருஷம் மூன்று நாளும் பூட்டியிருந்த வீடுகள் எல்லாம் திறந்து கிடந்தன. கறிக்குழம்பு வாசனை. கொடி நிறையத் துணி. குழாயடியில் கூட்டம். பூட்டின வீட்டுக்காரர்கள் எல்லாரும் எங்கிருந்து முளைத்தார்கள்?

குழாயடியில் இரண்டு குடத்தோடு நின்ற பெண் என்னைப் பார்த்ததும் குடத்தைக் கீழே வைத்தாள். கஸ்தூரி. சுரங்கத்துக்குள் மரத்தால் முட்டுக் கொடுக்கும் டிம்பர் வேலை பார்த்த வேலுவின் மகள். வேலு அப்போது உயிரோடு இல்லை.

"சார், லிஸ்ட்டு வச்சிருக்கீங்களே, எங்க பேரு இருக்குதா பாருங்க."

பார்த்தேன். அம்மா, கஸ்தூரி, தம்பி மூன்று பேரும் இல்லை.

"அதான எனக்கும் தெரியும். போன எலெக்சனுக்கு வேலைக்கு மட்டம் போட்டுட்டு வந்து ஒரு மணி நேரம் க்யூல நின்னேன். பேரு இல்லம்மா, நீ குடிபோயிட்டேன்னு சொல்லிட்டாங்க. நான் இங்கதான் சார் இருக்கறேன். பொறந்ததே இங்கதான். நான் எங்க போனேன்?"

அவள் பெங்களூரில் ஒரு தையல் ஃபேக்டரியில் வேலை செய்கிறாள். விடியற்காலை எங்கள் ஊர் மாரிகுப்பம் ஸ்டேஷனில் கிளம்பும் முதல் வண்டியில் போனால் இரவு எட்டரைக்குத் திரும்புவாள். தம்பியும் அதே வண்டி. அம்மா ராபர்ட்சன்பேட்டையில் ஒரு வீட்டில் சமையல் வேலை. மூன்று மணிக்கு வீட்டில் யார் இருப்பார்கள்? அந்த லைனில் பாதி வீடு அப்படித்தான். சுரங்கத்தில் ஆள் எடுப்பது நின்றுபோய் எத்தனை வருஷம் ஆகிறது. நான் சுரங்கத்தின் கடிகாரத்தை வைத்துக்கொண்டு கதவைத் தட்டியிருக்கிறேன். ஊர் அதற்குள் ரயிலின் கடிகாரத்துக்குப் போய்விட்டிருந்தது. ஊருக்கெல்லாம் நேரம் குறித்தவனுக்கு அது தெரியவில்லை.

சென்னப்பா கைப்பையிலிருந்து போன வருஷத்துத் தாளை எடுத்தார். அதை என்னிடம் நீட்டினார்.

"ஓதி ஸ்வாமி."

குழாயடியில் அத்தனை பேர் பார்க்கப் படித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் குடிபெயர்ந்தார், குடிபெயர்ந்தார் என்று. பெயர் சொல்லச் சொல்ல, "நான் இங்கதான் கீறேன்", "நானும்தான்" என்று குரல் வந்தது. ஓரத்தில் என் அழகான சுருக்கொப்பம். கஸ்தூரி எட்டிப் பார்த்து, "அடிச்சது நீங்களா சார்?" என்றாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் இருக்கிறது.

திரும்பச் சேர்க்க வழி இருந்தது. மனு எழுதிக் கொடுத்து, அதிகாரி முன்னால் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். தாலுக்கா ஆபீஸில், புதன்கிழமை, காலை பதினொரு மணி.

கஸ்தூரி தலையை ஆட்டினாள். "வர முடியாது சார். சொல்லாம ரெண்டு நாள் நின்னா ஃபேக்டரி கேட்டுலயே நிறுத்திடுவாங்க. ஒரு நாள் ஏற்கெனவே ஆயிட்டுது. ஓட்டுக்கு வந்தேனே, அதுதான்." குடத்தைத் தூக்கினவள் மறுபடி கீழே வைத்தாள். "காலையில இருட்டுல போறோம், ராத்திரி வர்றோம். பக்கத்து வீட்டு ஆளுக்கே எங்க மூஞ்சி மறந்துபோச்சு. மைன்ஸை மூடிட்டா வீட்டையெல்லாம் லிஸ்ட்டு பார்த்துதான் குடுப்பாங்கன்னு வேற பேசிக்கிறாங்க. நாங்க இந்த ஊருதான்னு சொல்றதுக்கு அந்தப் பேரு ஒண்ணுதான் சார் இருக்குது."

அப்போது நான் ஒன்று சொன்னேன். யோசித்துச் சொன்னதாக நினைக்க வேண்டாம், வெட்கத்தில் வாயில் வந்தது. "சார், மனு விசாரணையை ஸ்டேஷன்ல வச்சா இன்னா? முதல் வண்டி கிளம்பறதுக்கு முன்னாடி?"

சென்னப்பா டீக்கடைக்குப் போனார். பாதி டீ குடித்தார், தட்டால் மூடினார். பிறகு கைப்பையிலிருந்த விதிப் புத்தகத்தை எடுத்து விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். "அறிவித்த இடத்தில்னுதான் போட்டிருக்கு. ஆபீஸ்னு போடலை." மூன்று தடவை போ என்ற விதியை நான் படித்த அதே படிப்புதான். ஆனால் அவர் படித்தபோது அதில் ஆள் இருந்தார்கள்.

அறிவிப்பு ஸ்டேஷன் சுவரில் ஏறியது. இடம்: மாரிகுப்பம் ரயில் நிலையம். ஸ்டேஷன் மாஸ்டர் அதைப் படித்துவிட்டு, "விசாரணைன்னா யாரை சார் புடிக்கப் போறீங்க?" என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

இருபத்தாறு மனு. எல்லாரும் வண்டி கிளம்புவதற்குக் கால் மணி முன்னால்தான் வருவார்கள். அந்த நேரத்தில் யார் மனு எது என்று தாளைப் புரட்டிக்கொண்டிருந்தால் வண்டி போய்விடும். எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான். மூடிப்போன ஷாஃப்டின் டோக்கன்கள் டைம் ஆபீஸில் ஒரு சாக்கில் கிடந்தன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாகப் போய் மனுக்களை நிரப்பி, ஆளுக்கு ஒரு டோக்கன் கொடுத்து, அந்த எண்ணை மனுவின் மூலையில் குறித்துக்கொண்டேன். ஸ்டேஷனில் டோக்கனைக் கொடுத்தால் நான் மனுவை எடுத்து நீட்டுவேன், கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது.

கஸ்தூரிக்கு 318. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். "எங்கப்பா இடுப்புல முடிஞ்சிக்கினு போவாரு. இன்னா சார், எங்களையும் கீழ இறக்கப் போறீங்களா?"

"இறக்கினது போன வருஷம்மா. இப்ப ஏத்தறதுக்குத்தான் இது" என்றேன். அவள் சிரித்தாள். எனக்குப் பாரம் கொஞ்சம் குறைந்தது.

திங்கட்கிழமை விடியற்காலை. நல்ல குளிர். சென்னப்பா மஃப்ளர் சுற்றி, பிளாட்பார பெஞ்சில் தட்டு மூடின அரை டீயைப் பக்கத்தில் வைத்து, பச்சைப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். டைம் ஆபீஸிலிருந்து கொண்டுவந்த கொக்கிப் பலகையைத் தூணில் சாய்த்து வைத்தேன். ஆட்கள் டிஃபன் கேரியரும் ஓட்டமுமாக வந்தார்கள். டோக்கன், மனு, கையெழுத்து, பச்சைக் கையெழுத்து, அடுத்த ஆள். சென்னப்பா ஒவ்வொரு முகத்தையும் நிமிர்ந்து ஒரு முறை பார்த்தார். பத்து நிமிஷத்தில் இருபது பேர். சுரங்கத்தில்கூட இந்த வேகத்தில் நான் டோக்கன் வாங்கியதில்லை.

விசில் ஊதினார்கள். இருபத்தைந்து கொக்கி நிறைந்திருந்தது. 318 காலி.

சென்னப்பா பேனாவை மூடினார். "ஒருத்தர்தானே ஸ்வாமி. அடுத்த திருத்தத்துல பார்த்துக்கலாம்."

"ஒரு கொக்கி காலியா இருந்தா நாங்க வீட்டுக்குப் போறதில்லை சார்."

கடைசியாகக் கையெழுத்துப் போட்டு ஓடிய பெண் ஏறிய பெட்டியின் ஜன்னலில் இருந்து கத்தினாள். "கஸ்தூரி உள்ள கீறா சார்! இன்னிக்கு சீட்டு அவ முறை!"

மாரிகுப்பம் வண்டியில் போகிறவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் முறை வைத்து முன்னாலேயே ஏறி மற்றவர்களுக்கு இடம் பிடிக்க வேண்டும். இரண்டு பெஞ்சிலும் துப்பட்டாவை விரித்து, நடுவில் உட்கார்ந்து, வருகிறவர்களோடு சண்டை போட வேண்டும். எழுந்தால் எட்டுப் பேரும் பெங்களூர் வரை நின்றுகொண்டு போக வேண்டியதுதான். யார் பெயருக்காக இந்த விசாரணையே நடந்ததோ, அவள் மற்றவர்கள் கையெழுத்துப் போடட்டும் என்று உள்ளே சீட்டுக்குக் காவல் உட்கார்ந்திருக்கிறாள்.

மனுவை எடுத்துக்கொண்டு ஓடினேன். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் சென்னப்பா. அவர் ஓடி அந்தத் தாலுக்காவில் யாரும் பார்த்ததில்லை. இரண்டு பேரும் ஏறினோம். கஸ்தூரி துப்பட்டாக்களின் நடுவில் உட்கார்ந்தபடியே கை நீட்டி மனுவை வாங்கி, மடியில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். அப்போது வண்டி நகர்ந்தது.

சென்னப்பாவின் பேனா தாளுக்கு மேலே நின்றுவிட்டது. "நோட்டீஸ்ல மாரிகுப்பம் ஸ்டேஷன்னு போட்டிருக்கோம் ஸ்வாமி. ஓடற வண்டினு போடலை."

கஸ்தூரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் குனிந்து ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். ஒரு விளக்குத் தூண் மெல்ல நகர்ந்து போனது. இன்னொன்று.

"பிளாட்பாரம் இன்னும் முடியலை" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். பச்சைப் புள்ளியை அவர் வைத்ததும் வெளியே பிளாட்பாரம் முடியும் சரிவு வந்தது. "ஆய்த்து."

அடுத்த ஸ்டேஷனான சாம்பியனில் இறங்கினோம். இரண்டு பேரிடமும் டிக்கெட் இல்லை. சென்னப்பா நேராகக் கவுன்ட்டருக்குப் போய், மாரிகுப்பத்திலிருந்து இங்கே வந்ததற்கு இரண்டு டிக்கெட் கேட்டார். வந்து சேர்ந்தவர்களுக்கு எதற்கு டிக்கெட் என்று அந்த ஆள் குழம்பிப்போய்க் கடைசிவரை கொடுக்கவில்லை. தண்டவாளத்தை ஒட்டி நடந்தே திரும்பினோம். மாரிகுப்பம் பெஞ்சில் தட்டு மூடின அரை டீ அப்படியே இருந்தது. உட்கார்ந்து குடித்தார். நான் பலகையை எடுக்கும்போதுதான் பார்த்தேன், 318-ஐ வாங்க மறந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வந்த நகரசபைத் தேர்தலில் பூத்துக்கு வரவேண்டிய ஒரு ஊழியருக்குக் காய்ச்சல். "நீங்க உட்காருங்க ஸ்வாமி" என்று சென்னப்பா என்னை அந்த லைனின் பூத்திலேயே உட்காரவைத்தார். வந்தவரின் பெயரைப் பட்டியலில் தேடிச் சத்தமாகப் படித்து, அதன் கீழே சிவப்பில் கோடு போடுவது என் வேலை. ஞாயிற்றுக்கிழமை. எல்லாப் பூட்டும் திறந்திருந்தது.

பதினொரு மணி வாக்கில் கஸ்தூரி அம்மாவையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அவள் வாக்காளர் சீட்டை வாங்கிப் பட்டியலில் விரலை ஓட்டினேன். இருந்தது. கட்சி ஏஜென்ட்டுகளுக்குக் கேட்க வேண்டிய அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே குரலை உயர்த்திப் படித்தேன். போன தடவை அந்தப் பெயருக்குக் குறுக்கே போட்ட கோட்டை இந்தத் தடவை கீழே போட்டேன். அதே பேனாதான்.

அவள் ஓட்டுப் போட்டுவிட்டு, விரல் மை காயக் கையை விரித்தபடி என் மேஜைப் பக்கம் வந்தாள். இன்னொரு கையால் முந்தானை முடிச்சை அவிழ்த்து, பித்தளை டோக்கனைப் பட்டியலின் மேல் வைத்தாள்.

"மேல வந்துட்டேன் சார்."